துணைக்கால்

வலதுகை போனது ஒரு செவ்வாய்க்கிழமை,
பழைய சோனகத் தெருக் கடையில்,
ஆணி, பிணைச்சல், பீவீசீக் குழாய்க் கணக்கின்
கடைசி மொத்தத்துக்குக் கீழே
இரட்டைக் கோடு இழுக்கும்போது.
முதல் கோடு நேர்.
இரண்டாவது, மேசை விளிம்புவரை போய்
என்னையும் கூட்டிக்கொண்டு விழுந்தது.

பெரியாஸ்பத்திரியில் பதினெட்டு நாள்.
அடுத்த வீட்டுப் பிலோமினா
ஃபிளாஸ்க்கில் பிளேன்டீயும்
கூடவே ஓர் ஆறுதலும் கொண்டுவந்தாள்:
"தாங்கக்கூடிய ஆளுக்குத்தான் ஆண்டவர் தருவாராம்."
அப்படியென்றால் நான்
கொஞ்சம் சொத்தையாக இருந்திருக்கலாமே என்றேன்.
வாய் கோணியிருந்தது, அவளுக்கு விளங்கவில்லை.
"ஆமென்" என்றாள்.

பயிற்சி அறையில் நிலூஷா மிஸ்
என் இடதுகையில் பென்சிலைச் செருகி
இரட்டைக் கோட்டுக் கொப்பியை விரித்தாள்.
"விருப்பமானதை எழுதுங்க அக்கே."
முப்பத்தொரு வருடம் பேரேடு எழுதியவள்
என் பெயரின் முதலெழுத்தில் நின்றுவிட்டேன்.
ர.
இறங்கிய கோடு சாய மறுத்தது.
பக்கம் முழுக்கத் துணைக்கால்கள்,
துணைக்கு ஓர் எழுத்தும் இல்லாமல்
தனித்தனியே நின்றன.
அடியில் சின்னதாய் ஒரு சாய்வு,
அது விழுந்தால்தான் ரஞ்சிதமலர்.
விழ ஐந்து வாரம் எடுத்தது.

வங்கியில் மூன்று தடவை திருப்பினார்கள்.
பழைய கையெழுத்து இங்கிலீசில்,
காலிமுகத் திடல் பட்டத்து வால்போல
நீண்டு சுழிந்து போகும்.
எனக்கு அதில் ஒரு கர்வம்.
"இது நீங்க போட்டதில்ல போல இருக்கே."
இல்லைத்தான்.
"கைநாட்டு வைங்களேன், லேசு."
வரிசையில் யாரோ சப்புக்கொட்டினார்.
டொக்டர் கடிதம், கிராம சேவகர் கடிதம்,
அடையாள அட்டைப் பிரதி இரண்டு.
நான்தான் நான் என்று
இரண்டு பேர் எழுதித்தர வேண்டியிருந்தது.
நான்காவது தடவை
புது அட்டையில் ஒற்றை ர போட்டேன்.
பேனையை மூடிக்கொடுத்தது அந்த உத்தியோகத்தர்.

கொட்டாஞ்சேனை வீட்டுக்குப் படி நாற்பத்திரண்டு.
எண்ணிக்கொண்டே ஏறுவேன், தொழில் பழக்கம்.
இருபதில் மூச்சுக்கு நிற்பேன்.
அந்தக் கை செய்ததெல்லாம்
அங்கே வந்து எனக்காகக் காத்திருக்கும்.
கடைப் பையன் அஸ்வர் எழுதும் எட்டு,
வளையத்தின்மேல் வளையம்.
"இது எட்டா, இடியப்பமா?" என்று
எல்லார் முன்னாலும் கொப்பியை எறிந்தது அந்தக் கை.
அவனுக்கு இரண்டு நாள் சம்பளம் வெட்டியதும் அதுதான்.
கீழே கையெழுத்து
மிக அழகாக விழுந்திருந்தது.

அதற்காகத்தான் இது வந்தது என்று சொல்லமாட்டேன்.
பிரஷர் குளிசையை மறந்தேன்,
தலைக்குள் ஒரு குழாய் அடைபட்டது,
அவ்வளவுதான் அதன் பொருள்.
மிச்சப் பொருள் பிறகு வந்தது,
தவணை தவணையாக,
வட்டியைக் கழித்துக்கொண்டு.

ஈபீஎஃப் படிவத்துக்காகக் கடைக்குப் போனேன்.
மூன்று மாதம் என் கதிரையை
வெறுமையாகவே வைத்திருந்தாராம் இக்ராம் ஹாஜியார்.
நாலாம் மாதம் அஸ்வர் உட்கார்ந்திருக்கிறான்.
என்னைக் கண்டதும் எழும்பினான்.
எழும்பாதே என்றேன்.
அவன் கேட்கவில்லை,
ஸ்டூலை இழுத்துப் போட்டுப்
பேரேட்டை என் பக்கம் திருப்பினான்.
"ஒரு இடம் உதைக்குது, பாருங்க மிஸ்."
உதைத்தது ஆறு. எட்டாக இருக்கவேண்டும்.
இடதுகையால் பென்சிலை எடுத்தேன்.
நான் ஓர் எட்டு எழுதி முடிப்பதற்குள்
வெளியே நாட்டாமை ஒருவர்
சீமெந்து மூட்டையை லொறிக்கு ஏற்றிவிட்டு
அடுத்ததற்கு வந்துவிட்டார்.
அஸ்வர் அவசரப்படவில்லை.
நானாக இருந்திருந்தால் பறித்திருப்பேன்.

வளையத்தின்மேல் வளையம்,
இரண்டும் முட்டும் இடத்தில் கொஞ்சம் நடுக்கம்.
மேல் வரியில் அவனுடையது.
ஹாஜியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
குனிந்து கேட்டார்:
"இதில எந்த எட்டு யாருடையது?"